பெயிண்ட் மார்ச்சில், மழை ஜூனில்

ஊட்டியில் "சீசன்" என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். ஏப்ரல், மே. தாராளமாகச் சொன்னால் ஜூன் முதல் வாரம் வரை. செப்டம்பர், அக்டோபரில் "ரெண்டாவது சீசன்" என்று ஒன்று உண்டு. பூஜை விடுமுறை, தீபாவளி விடுமுறைக் கூட்டம் அதில் சேரும். ஆனால் லாட்ஜ்காரர்களின் வருட வருமானத்தில் பெரும் பங்கு அந்த முதல் சீசனில்தான் வருகிறது. அதனால் அங்கே எல்லாக் கணக்கும் ஏப்ரலை வைத்துத்தான். ஆள் எடுப்பது, கடன் வாங்குவது, கடன் அடைப்பது, கட்டடத்துக்குச் செலவு செய்வது எல்லாமே!

மார்ச் மாதம் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். தெருவுக்கு இரண்டு கட்டடமாவது சாரம் கட்டி நிற்கும். பட்டி பார்க்கிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள், பெயர்ப் பலகைக்குப் புது லைட் மாட்டுகிறார்கள், வாசலில் மண் கொட்டிப் பூச்செடி வைக்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் எல்லாம் பளபள. இதற்குப் பெயர்தான் வருடாந்திரப் பராமரிப்பு.

இது பராமரிப்பு இல்லை, ஒப்பனை. பணம் வரும் சீசனும் கட்டடம் அடி வாங்கும் சீசனும் ஒன்றல்ல என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சீசன் என்ற சொல்லை வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்துப் பழகிவிட்டார்கள். கட்டடத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் நீலகிரியின் காலண்டரே வேறு.

அந்தக் காலண்டரைக் கொஞ்சம் பார்ப்பது நல்லது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் இது கொட்டித் தீர்த்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. (சென்னையில் வருடம் முழுவதும் பெய்யும் சராசரி மழையே சுமார் 140 செ.மீ.தான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஒரு நாளின் கனம் புரியும்.) அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இது குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு. அதே மாவட்டம், அதே மலை, ஆனால் மேற்குச் சரிவுக்கு ஒரு மழைக்காலம், கிழக்குச் சரிவுக்கு வேறொன்று. ஊட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டிலும் நனைகிறது. குளிர்காலத்தில் உறைபனி. தலைகுந்தா, காந்தள் போன்ற பள்ளமான இடங்களில் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். பிறகு பிப்ரவரி, மார்ச்சில் வெயில், வறட்சி, தண்ணீர்த் தட்டுப்பாடு.

ஆக, கட்டடம் ஒரு வருடத்தில் இரண்டு மழை, ஒரு பனி, ஒரு வறட்சி என்று நான்கு அடி வாங்குகிறது. மருந்து மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் முகத்தில் மட்டும் பூசப்படுகிறது.

"சீசன் முடியட்டும், ஜூன்ல பாத்துக்கலாம்" என்பது மலையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். கூரையில் ஒழுகலா? ஜூன்ல பாத்துக்கலாம். பின்பக்கச் சுவரில் விரிசலா? ஜூன்ல பாத்துக்கலாம். ஜூன் மாதம் கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் வானத்தைக் காட்டுவார். மழையில் சிமெண்ட் வேலை செய்ய முடியாது, ஓட்டின் மேல் ஏறினால் வழுக்கும். வேலை அக்டோபருக்குத் தள்ளிப்போகும். அக்டோபரில் ரெண்டாவது சீசன், கையோடு அடுத்த மழை. அப்புறம் பொங்கல், அப்புறம் மார்ச். மறுபடியும் பெயிண்ட்!

2025-இல் இந்தக் கணக்கு இன்னும் மோசமாக உதைத்தது. வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளாவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அந்த வருடம் மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை. சீசன் இன்னும் முடியவில்லை, அறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள், மழை வந்துவிட்டது. மே 25-ஆம் தேதி கேரளாவிலிருந்து சுற்றுலா வந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன் ஊட்டி அருகே மரம் விழுந்து இறந்துபோனான். அது ஹோட்டல் வளாகத்தில் நடந்ததல்ல. ஆனால் ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிவைக்கும் துணிச்சல் அந்த ஒரு வாரத்துக்குப் பிறகாவது குறைந்திருக்க வேண்டும்.

மரத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. மலையில் நினைத்தவுடன் மரத்தை வெட்டிவிட முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அது நல்ல சட்டம், இருக்கத்தான் வேண்டும். ஆனால் மனுப் போட்டு, அதிகாரிகள் வந்து பார்த்து, உத்தரவு வர நாளாகும். அறைக்கு மேல் சாய்ந்து நிற்கும் கற்பூர மரத்தைப் பற்றி ஜூனில் மனு எழுதுவதில் அர்த்தமில்லை. ஜனவரியில் எழுத வேண்டும். ஜனவரியில் யார் மழையை நினைக்கிறார்கள்?

இனி கூரைக்கு வரலாம். நீலகிரியின் பழைய பங்களாக்களுக்குச் சரிவான கூரை. மங்களூர் ஓடு, அல்லது வரிவரியான தகரம். வெள்ளைக்காரன் அழகுக்காக அப்படிக் கட்டவில்லை, தண்ணீர் நிற்கக் கூடாது என்று கட்டினான். பிற்காலத்தில் வந்த லாட்ஜுகள் சமவெளியிலிருந்து மொட்டை மாடியை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தன. திருப்பூரிலும் மதுரையிலும் வருடத்தில் சில வாரம் மட்டும் நனையும் தட்டையான தளம், இங்கே மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கிறது. தளத்தில் வாட்டம் ஒரு அங்குலம் தப்பினால் போதும், அங்கே தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும். பாசி ஈரத்தை விடாது. ஈரம் மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கீழே இருக்கிற சிமெண்டுப் பூச்சைப் பிளந்து தள்ளும். அறையில் கட்டிலில் படுத்திருப்பவர் தலைமேல் ஒரு நாள் பெயர்ந்து விழுவது அதுதான்.

இதையெல்லாம் தடுக்கப் பெரிய இன்ஜினியரிங் தேவையில்லை. தளத்தின் மூலையில் தண்ணீர் வெளியேறும் துளை இருக்கும். அதில் கற்பூர மர இலையும், சைப்ரஸ் சருகும், எவனோ மாடியில் நின்று குடித்துவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் டம்ளரும் அடைத்துக்கொண்டிருக்கும். கையை விட்டு எடுத்தால் போதும்! ஓட்டுக் கூரையாக இருந்தால் விளிம்பில் மழைநீரை ஏந்தும் தகரக் கால்வாயை வழித்துவிட வேண்டும், குரங்கு புரட்டிப் போட்ட ஓடுகளைத் திருப்பி வைக்க வேண்டும். மே மாதத்தில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை, நடுவில் பெருமழை பெய்த மறுநாள் ஒரு தடவை. ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை. இதற்கு "பட்ஜெட் இல்லை" என்று சொல்பவர்கள் வாசல் வளைவுக்கு எல்.இ.டி. சரம் வாங்கியிருப்பார்கள்.

பெயிண்டால் பெரிய நன்மை எதுவும் இல்லை என்பது மட்டுமல்ல, சில சமயம் அது கெடுதலும் செய்கிறது. சுவருக்குள் ஓதம் இருக்கும்போது அதன்மேல் பட்டி பார்த்து, தண்ணீர் புகாத பெயிண்டை இரண்டு கோட் அடித்தால், வெளியிலிருந்து தண்ணீர் வராது என்பது உண்மைதான். ஆனால் மேலே கூரையிலிருந்தும் கீழே அஸ்திவாரத்திலிருந்தும் ஏறி உள்ளே இருக்கிற தண்ணீர் எங்கே போகும்? அறைக்குள் வரும். ஆகஸ்டில் பெயிண்ட் கொப்பளித்துக்கொண்டு உரிவது அதனால்தான். பழைய பங்களாக்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை இழுத்து, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசிப் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பது, காய்ச்சல்காரனுக்கு ரெயின்கோட் போட்டுப் படுக்க வைத்த மாதிரி.

வாசலில் வைக்கும் பூச்செடியும் இந்தக் குற்றத்தில் கூட்டாளி! பல பழைய பங்களாக்களில் தரை மரப்பலகையால் ஆனது. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்றோட வெளிச்சுவரின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள், கம்பி வலை போட்டு. மே மாதக் கூட்டத்துக்காகச் சுவரை ஒட்டி மண் ஏற்றிப் பாத்தி கட்டும்போது அந்தத் துளைகள் மூடிக்கொள்கின்றன. மேலே பூ, கீழே மக்கும் பலகை. தோட்டக்காரருக்கு அது என்ன துளை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலாளிக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

கூரையும் பெயிண்டும் பணம் சம்பந்தப்பட்டது. கட்டடத்தின் பின்பக்கம் உயிர் சம்பந்தப்பட்டது.

மலையில் எந்தக் கட்டடமும் சமதரையில் இல்லை. சரிவை வெட்டி, ஒரு பக்கம் மண்ணை நிறுத்தத் தடுப்புச் சுவர் கட்டி, நடுவில் கிடைத்த இடத்தில்தான் எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுவர் தாங்குவது மண்ணை மட்டுமல்ல, மழைக்காலத்தில் மண்ணுக்குள் நிறையும் தண்ணீரையும். தண்ணீர் வெளியேற வரிசையாகத் துளைக் குழாய்கள் வைத்திருப்பார்கள். நல்ல மழையில் அந்தத் துளைகளிலிருந்து தண்ணீர் ஒழுக வேண்டும். ஒழுகினால் சுவர் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். மழை கொட்டும்போது துளைகள் காய்ந்து கிடந்தால் அதைவிட ஆபத்தான அறிகுறி கிடையாது. தண்ணீர் பின்னால் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் பார்ப்பவர்களுக்குக் காய்ந்த சுவர் நல்ல சுவர் மாதிரித்தான் தெரியும். சில இடங்களில் சுவர் அசிங்கமாகிறது, ஒழுகிப் பாசி படிகிறது என்று துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். ஒப்பனை மனப்பான்மை போய் முடியும் இடம் அது.

2009 நவம்பரில் என்ன நடந்தது என்பது நீலகிரிக்காரர்களுக்கு மறக்காது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிற கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. மாவட்டமெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது, 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படி ஒரு மழையைத் துளைக் குழாயைச் சுத்தம் செய்து தடுத்துவிட முடியும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் சாதாரண மழையிலேயே சரியும் சுவர்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றித்தான் பேச்சு. சுவருக்கு மேலே, மேட்டுப் பக்கம், ஓடிவரும் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் இருக்கும். அதைத் தூர்வாருவது, துளைகளில் கம்பி விட்டுக் குத்துவது, சுவரில் வேர்விட்ட செடியைப் பிடுங்குவது, சுவர் வயிறு தள்ளுகிறதா என்று பார்ப்பது. விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் பதித்துத் தேதி எழுதி வைப்பது. கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள். அன்றைக்கே இன்ஜினியரைக் கூப்பிட்டு, சுவரை ஒட்டியிருக்கிற அறையைப் பூட்டிவிட வேண்டும். கண்ணாடித் துண்டுக்கு என்ன செலவு ஆகிவிடும்?

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். சுவர் சரிந்த பிறகு அவசரமாக மண்ணை வெட்டி வேலை செய்வதும் ஆபத்துதான். 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேல் அருகே ஒரு கட்டுமான இடத்தில் தடுப்புச் சுவருக்காக மண் தோண்டும்போது சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது வீட்டு வேலை, ஹோட்டல் வேலை இல்லை. ஆனால் மலையில் மண்வெட்டி பிடிக்கிற கைகள் எல்லாம் ஒன்றுதான். பராமரிப்பைத் தள்ளிப்போடுகிற முதலாளி, கடைசியில் அந்த அபாயத்தைக் கூலிக்கு வருகிறவர்கள் தலையில் இறக்கி வைக்கிறார்.

சரி, முதலாளிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2020, 2021 இரண்டு கோடை சீசனும் ஊரடங்கில் போயின. மூடிக் கிடந்த கட்டடம் ஓடுகிற கட்டடத்தைவிட வேகமாகக் கெடும் என்று அப்போது பலருக்குப் புரிந்தது. அடைத்த அறையில் பூஞ்சணம், ஓடாத குழாயில் துரு, தொட்டியில் மாதக்கணக்கில் நின்ற தண்ணீர். அந்த அடியிலிருந்து எழுவதற்குள் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து கோடை சீசனுக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. மலை தாங்குகிற அளவுக்குத்தான் வண்டி வர வேண்டும் என்பது சரியான முடிவே. ஆனால் ஏப்ரல் மே இரண்டு மாதத்தில் வருடச் சம்பாத்தியத்தை அள்ளிவிடலாம் என்ற பழைய கணக்கு அதோடு ஆட்டம் கண்டுவிட்டது. மற்ற மாதங்களிலும் அறை நிறைய வேண்டும். ஆகஸ்டில் மக்கல் வாடை அடிக்கிற அறையை யார் எடுப்பார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. 20 அறை லாட்ஜ், மூன்று அறையில் ஒழுகல், அறைக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனிலிருந்து நவம்பர் வரை சுமார் 25 வார இறுதிகள். வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும் அந்த மூன்று அறையும் போயிற்று என்றால் 150 இரவு, 3 லட்சம் ரூபாய். இது வெறும் மாதிரிக் கணக்குதான். அவரவர் அறை எண்ணிக்கையைப் போட்டுப் பார்க்கலாம். மூன்று அறைக்கு மேலே தளத்தை உடைத்து, வாட்டம் சரிசெய்து, தட்டோடு பதித்துப் பூசுகிற செலவோடு ஒப்பிட்டால் எது லாபம் என்று தெரிந்துவிடும். அதுபோக, இன்டர்நெட்டில் ஒருவர் ஒழுகும் கூரையைப் போட்டோ எடுத்துப் போட்டால் அது அடுத்த ஏப்ரல் வரை அங்கேயே இருக்கும்.

உண்மையான சிக்கல் லீஸ். மலையில் நிறையக் காட்டேஜுகளை நடத்துபவர் ஒருவர், சொந்தக்காரர் இன்னொருவர். சொந்தக்காரர் கோயமுத்தூரிலோ சென்னையிலோ இருப்பார். பதினொரு மாத அக்ரிமெண்டு, அல்லது மூன்று வருட லீஸ். லீசுக்கு எடுத்தவர் கொத்தனாரிடம், "அண்ணே, இந்த சீசன் தாங்குற மாதிரி பண்ணிக் குடுங்க, போதும்" என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தடுப்புச் சுவரைச் சரிசெய்துவிட்டு அடுத்த வருடம் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வார்? சொந்தக்காரரோ, "நல்லா சம்பாதிக்கிறான், அவனே பண்ணட்டும்" என்பார். அக்ரிமெண்டில் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று அச்சு சுத்தமாக இருக்கும். கூரை யாருடையது, பின்சுவர் யாருடையது, வாய்க்கால் யாருடையது என்று ஒரு வரி இருக்காது. அந்த வரியை எழுதாத லீஸில் கையெழுத்துப் போடும் இரண்டு பேருமே அறையில் தூங்கப்போகிற மூன்றாவது ஆளின் உயிரைப் பற்றி யோசிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"எதைத் தொட்டாலும் அனுமதி வாங்கணும் சார்" என்பது இன்னொரு சமாதானம். மலைப் பகுதியில் கட்டட விதிகள் கடுமையானவைதான். 1993-லிருந்து உயரத்துக்கும் தோற்றத்துக்கும் தனி விதிகள் உண்டு. ஆனால் சருகு அள்ளுவதற்கும் வாய்க்கால் தூர்வாருவதற்கும் எந்த அனுமதியும் வேண்டாம்.

சீசன் முடிந்ததும் முதலில் நடப்பது ஆட்குறைப்பு. ரூம் பாய், கிளீனர், சமையல் உதவி எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இதில் மடத்தனமும் கலந்திருக்கிறது. எந்த அறையில் எந்த மூலையில் முதலில் ஈரம் காட்டும், எந்த கீசரைத் தொட்டால் சுரீர் என்கிறது, எந்தப் பாத்ரூமில் தண்ணீர் இறங்காது என்பதெல்லாம் அந்த ரூம் பாய்க்குத்தான் தெரியும். முதலாளிக்கோ மேனேஜருக்கோ தெரியாது. அவனை ஜூன் 10-ஆம் தேதி பஸ் ஏற்றிவிட்டு, ஜூலையில் ஒழுகும்போது எங்கே ஒழுகுகிறது என்று தேடுவார்கள். இரண்டு பேரையாவது சம்பளத்தோடு வைத்துக்கொண்டு, வெயில் எட்டிப் பார்க்கிற நாளெல்லாம் பூட்டிய அறைகளின் ஜன்னலைத் திறந்து மெத்தையைக் காயவைத்து, ஒரு நோட்டில் எந்த அறையில் என்ன கோளாறு என்று எழுதச் சொன்னால், அடுத்த மார்ச்சில் என்ன வேலை செய்ய வேண்டும் என்ற பட்டியல் தானாகத் தயாராகிவிடும். பெயிண்டருக்கு வேலை குறையும், கொத்தனாருக்கு வேலை வரும்.

கழிவுநீர் பற்றிச் சுருக்கமாக. மழைக்கு முன்னால் செப்டிக் டேங்கை எடுக்காத லாட்ஜில் மழையில் அது நிரம்பி வழியும். ஊட்டியில் வழிவது கடைசியில் கோடப்பமந்து கால்வாயில் சேர்ந்து ஏரிக்குப் போகும். அதே ஏரியில் படகு விடப் பணம் கட்டி நிற்பவர்கள் அதே லாட்ஜில் தங்கியவர்கள்தான்.

இனி பனிக்காலம். டிசம்பர், ஜனவரியில் மலையில் கட்டடம் ஆளைக் கொல்லும் விதம் வேறு. சத்தமில்லாமல் கொல்லும். பழைய பங்களாக்களில் கணப்பு அடுப்பு உண்டு. வருடம் முழுவதும் எரியாத புகைபோக்கியில் பறவை கூடு கட்டியிருக்கும், கரி படிந்திருக்கும். அக்டோபரில் அதைத் துடைக்காமல் டிசம்பரில் விறகு மூட்டினால் புகை அறைக்குள்தான் திரும்பும். கணப்பு அடுப்பு இல்லாத காட்டேஜில் பார்பிக்யூ கரியை அள்ளி அறைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். 2024-இல் கொடைக்கானலில் இப்படி அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண் எரியாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். அவர்களுக்கு விவரம் போதாது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அறை ஏன் அவ்வளவு குளிர்ந்து கிடந்தது என்று ஒவ்வொரு காட்டேஜ்காரரும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜன்னல் சட்டம் மழையில் உப்பி மூடாமல் இருந்தால், கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால், ஈரச் சுவர் குளிரைக் கக்கிக்கொண்டிருந்தால் விருந்தாளி என்னதான் செய்வார்? ஜூலை ஒழுகல் ஜனவரியில் ஆளைக் குளிரவைக்கிறது. ஈரம் காய்ந்த அறைக்கு ஒரு சாதாரண ஹீட்டரே போதும்.

கீசர் விஷயமும் அப்படித்தான். குளிர்காலத்தில் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் கீசர் ஓடும், பழைய வயர் சூடாகும். அந்த மாதங்களில் மண் காய்ந்துபோவதால் எர்த் சரியாகப் பிடிக்காது. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவது தாத்தா காலத்துப் பழக்கம் என்று சிரிப்பவர்கள் உண்டு, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி.யில் "டி" என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அது வெறும் பொம்மை, மாற்ற வேண்டும். ஐந்து விநாடி வேலை. எத்தனை லாட்ஜுகளில் அந்தப் பட்டனை யாராவது அழுத்தியிருப்பார்கள்?

மலைக்குப் போய் அறை எடுக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் அறையைப் பார்க்கக் கேட்பது வழக்கம்தான். பொதுவாக டி.வி. ஓடுகிறதா, வெந்நீர் வருகிறதா, ஜன்னலில் "வியூ" இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அத்தோடு இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். கூரையும் சுவரும் சேரும் மூலையில் புது பெயிண்டுக்கு அடியில் மஞ்சள் கறை தெரிகிறதா? அலமாரியைத் திறந்தால் என்ன வாடை வருகிறது? பாத்ரூமில் காற்றுப் போக வழி இருக்கிறதா? ஓட்டல் வாசலில் செல்ஃபி எடுத்த பிறகு, மழைக்காலமாக இருந்தால் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு நடை போய்த் தடுப்புச் சுவரில் துளைகள் இருக்கின்றனவா, அவற்றிலிருந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிடலாம். துளையே இல்லாத, அல்லது துளைகள் பூசப்பட்ட சுவரை ஒட்டிய அறையைக் கொடுத்தால், "முன்பக்கம் வேற ரூம் குடுங்க" என்று கேட்கத் தயங்க வேண்டாம். நான்கு பேர் கேட்டால் மேனேஜர் ஏன் என்று கேட்பார். காரணத்தை அவரிடம் சொல்லிவிட்டு வரலாம்.